கயிறு கட்டிய வீடு

கைபேசி அடித்தபோது கும்சில் படையலுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கை முழுக்க வெள்ளை. அடித்து ஓயட்டும் என்று விட்டாள். ஓய்ந்தது, உடனே மறுபடியும் அடித்தது. இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"கும்போ ஐயாவோட தங்கச்சிங்களா?" ஒரு பெண் குரல். தோக்சான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

"ஆமா."

"விடியக்காலையில அவரு போயிட்டாரும்மா. தூக்கத்துலயே. கஷ்டப்படல." அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க ஊர்ல ஏதோ பூசையாமே. அது முடியற வரைக்கும் தங்கச்சிக்குச் சொல்லவே கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. அவருக்கு வேற யாரு இருக்கா சொல்லுங்க?"

கும்சில் வாசலைப் பார்த்தாள். இடப்பக்கமாக முறுக்கிய வைக்கோல் கயிறு வாசலுக்குக் குறுக்கே தொங்கியது. அதில் செருகிய வெள்ளைத் தாள்கள் காற்றில் படபடத்தன. கீழே அவளே தூவிய செம்மண்.

"பூசை நாளைக்கு மறுநாளுங்க" என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அதுவரைக்கும் குளிர் அறையில வெச்சிருக்கலாம்மா. உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. என்ன, ஒரு ஊதுவத்தி கொளுத்த ஆள் இல்ல. நான் வேலைக்கு வர்றப்ப ஒண்ணு, போறப்ப ஒண்ணு கொளுத்தறேன். நீங்க கவலப்படாதீங்க."

"முடிஞ்சதும் வந்துடறேன். சொல்லிடாதீங்க, இங்க யாருக்கும் போன் பண்ணிடாதீங்க."

கைபேசியை வைத்துவிட்டு மறுபடியும் சல்லடையை எடுத்தாள். அழவில்லை. பூசைக்காக இப்படிக் கயிறு கட்டிய வீட்டில் அழக் கூடாது. சண்டை கூடாது, ரத்தம் கூடாது, மீன் கூடாது, புருஷனும் பெண்சாதியும் ஒரே அறையில் படுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாவு கூடாது. பூசைக்காரர் வீட்டில் சாவுச் சேதி விழுந்துவிட்டால் அந்த நொடியிலிருந்து அவர் பூசைக்காரர் இல்லை. சுத்தமான வேறு ஆள் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் மலைச்சாமிக்குப் பூசை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். தள்ளிப்போன வருஷங்களைப் பற்றி மாருகோல் ஊரில் யாரும் சிரித்துக்கொண்டு பேசியதில்லை. ஒரு தடவை தள்ளிப்போனபோது பங்குனிக் காற்றில் கிழக்குச் சரிவு முழுக்கத் தீப்பிடித்து, நாலு வீடு சாம்பலாகிப் போனதாம்.

சேதி இப்போது அவள் காதோடு நின்றிருந்தது. கணவர் காதுக்குப் போகவில்லை. பூசைக்காரர் அவர்தானே, நான் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்வதற்கு முன், அந்தப் பூசை அவளுக்கு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பூசை முடியும் நேரத்தில் பூசைக்காரர் மெல்லிய தாள் ஒன்றைக் கொளுத்தி உள்ளங்கையில் ஏந்துவார். முதல் தாள் மலைச்சாமிக்கு. அதன்பின் வீட்டுக்கு ஒரு தாள், வீட்டுக்காரர் பெயரை உரக்கச் சொல்லி. எரிகிற தாள் கையை விட்டு மேலே எழும்பிப் போனால் அந்த வீட்டுக்கு அந்த வருஷம் குறை இல்லை. ஊர் வீடுகள் எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு தாள் எரியும். 'இந்த மலையில் வந்து தங்கியிருக்கும் மற்றவர்களுக்கும்.' அந்தக் கடைசித் தாளில்தான் கும்சிலின் வீடு இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபோது அவளும் கணவர் மான்சோக்கும் ஒரு பழைய வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தார்கள். அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது எங்கோ கடல் கடந்து குடும்பம் நடத்துகிறாள். அத்தனை வருஷமும் அதே கடைசித் தாள்தான். ஒரு வருஷம் அதே தாளில் சாலை போட வந்த ஆட்களும் இருந்தார்கள். இன்னொரு வருஷம், அருவிக்குக் கீழே விடுதி நடத்தி நொடித்துப்போன ஒரு பட்டணத்துக்காரர்.

ஊர் அவர்களைக் கெட்டவிதமாக நடத்தியதில்லை. முட்டைக்கோசு நாற்று கொடுத்தார்கள், குளிர்காலத்துக்கு ஊறுகாய் போடும் நாளில் அவளையும் கூப்பிட்டார்கள். ஆனால் முட்டைக்கோசு வேறு, தாள் வேறு. அந்த ஊரில் கல்யாணமாகி வந்த பெண்களை அவர்கள் பிறந்த ஊரின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். கோசானிலிருந்து வந்தவள் கோசான்காரி. சாம்ரியிலிருந்து வந்தவள் சாம்ரிக்காரி. தோக்சானில் பிறந்த கும்சிலை மட்டும் யாரும் தோக்சான்காரி என்று கூப்பிட்டதில்லை. அவள் 'கரி வீடு'. அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஊர்க் கூடத்தில் பூசைக்காரரைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது ஊர்த் தலைவர் யூன் கிபெக் விரலை மடக்கிக்கொண்டே வந்தார்.

"சாங் வீட்டுல மாமியார் போயிட்டாங்க. பே வீட்டுக்காரருக்கு ஆப்பரேசன் ஆகி இன்னும் தையல் பிரிக்கல. எனக்குப் பேரன் பொறந்திருக்கான், அந்தத் தீட்டு போகல. கோசான் வீடு போன வருஷமே செஞ்சாச்சு. பெரியவருக்கு மேல ஏற முட்டி ஒத்துழைக்காது. வேற யாருய்யா சுத்தமா இருக்கீங்க?"

மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் மா, கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னார். "கரிக்காரன் இருக்கான்ல?"

"கரிக்காரன் எப்பலேர்ந்து சுத்தமானான்?" என்று யாரோ கேட்க, கூடமே சிரித்தது. மான்சோக்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நகக்கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

பூசைக்காரராக இருந்துவிட்ட வீட்டுக்கு அதன்பின் தனித் தாள் உண்டு. அதை யாரும் எடுத்துவிட முடியாது. அதுதான் முறை.

தோக்சானில் படுத்திருந்த அண்ணனுக்கு இதைச் சொல்ல அவள் போன் செய்தபோது, அவர் இருமி இருமிச் சிரித்தார். சுரங்கத்துத் தூசி அவர் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தது. "அப்ப இனிமே நீ அந்த ஊர்க்காரி. நல்லது புள்ள. பூசை முடியற வரைக்கும் இங்க எட்டிப் பாக்காத. என் இருமலக் கேட்டா உங்க மலைச்சாமி அடுத்த மலைக்கு ஓடிடுவாரு." அப்பா சுரங்கத்திலேயே போன பிறகு அவளை வளர்த்தவர் அவர். மழைக் காலத்தில் தெருவெல்லாம் கறுப்புச் சேறாக ஓடும். பள்ளிக்கூடத்துக் காலுறை அழுக்காகக் கூடாதென்று அவளை முதுகில் சுமந்துகொண்டு போவார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்த அன்று சாயங்காலம் மான்சோக் ஓடையில் பனிக்கட்டியை உடைத்துக் குளித்துவிட்டு, உதடு நீலம்பாரித்து வந்தார். வேண்டுதல் வாசகத்தை முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்கு வெளியே நின்றார்.

"மத்தியானம் போன்ல யாரு? ரெண்டு வாட்டி அடிச்சுது."

"ஏதோ கம்பெனிக்காரப் பையன். இன்டர்நெட் வேணுமான்னு கேட்டான்."

"வேணாம்னு சொல்ல இவ்வளவு நேரமா?"

"நல்ல பையன். பேசிட்டே இருந்தான்."

மான்சோக் சிரித்துவிட்டு முன்னறைக்குப் போனார். "மேலிருந்து காப்பவரே, கீழிருந்து கும்பிடுகிறோம்" என்று அவர் ஒத்திகை பார்க்கும் குரல் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தடுக்கினார். தடுக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அவளும் அண்ணனும் அந்தக் குரலும் ஒரே இருட்டில் அடைபட்டிருப்பது போல அவளுக்கு இருந்தது. இரண்டே நாள், அண்ணே. பொறுமைக்காரன்தானே நீ. இரண்டே நாள்.

மறுநாள் காலை விறகடுப்பைப் பற்ற வைத்துப் படையலை வேகவைத்தாள். பெரிய இரும்புக் கொப்பரையில் தண்ணீர். அதன்மேல் அடியில் துளைகள் போட்ட மண்பானை. பானைக்குள் உப்பும் தண்ணீரும் பிசறிய அரிசி மாவு. இந்த வெள்ளைப் படையல் ஒரே சீராக வேக வேண்டும். நடுவில் பச்சை மாவு நின்றால் வீட்டில் தீட்டு இருக்கிறதென்று அர்த்தம். ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

திறந்து கத்தியைச் செருகினாள். கத்தியோடு பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வந்தது.

யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அதைக் கொட்டிவிட்டு, புதிதாக மாவு சலித்து, மறுபடியும் ஏற்றினாள். விறகை அள்ளி அள்ளித் திணித்தாள். 'தெரியாம செய்யல சாமி, தெரிஞ்சேதான் செய்யறேன், இந்த ஒரு வாட்டி' என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினாள். திறந்து பார்த்தால் மறுபடியும் ஒரு பாதி வெந்து, மறு பாதி ஈர மாவு.

"ஏ கரி வீடு!" வாசலில் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கோசான்காரியின் குரல். போன வருஷத்துப் பூசைக்காரரின் மனைவி. கயிறு கட்டிய நாளிலிருந்து தினமும் வந்து, உள்ளே கால் வைக்காமல் நின்று, அதட்டிவிட்டுப் போவாள். "என்னடி இன்னும் புகை போயிட்டே இருக்கு? எனக்கெல்லாம் சூரியன் மலையத் தாண்டறதுக்குள்ள வெந்துடுச்சு. ஊரு பூரா சாப்பாடு போடப்போறியா?"

கும்சில் வாசலுக்குப் போனாள். போகும்போதே முகத்தைச் சரிசெய்துகொள்ளப் பார்த்தாள்.

"கண்ணு ஏன் இப்பிடிச் செவந்திருக்கு?"

"புகைக்கா."

"நாப்பது வருஷமா விறகு ஊதறவகிட்ட புகைக் கத சொல்றியா? புருஷன்கூடச் சண்டையா? சண்ட போடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சண்ட இல்லக்கா."

"பின்ன?"

கோசான்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதட்டுகிற கண்கள்தான், ஆனால் அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தன.

"படையல் வேகல" என்றாள் கும்சில். "ரெண்டு வாட்டி. வேகாதுக்கா. எனக்குத் தெரியும் ஏன்னு." நிறுத்த நினைத்தாள், முடியவில்லை. "எங்கண்ணன் நேத்து போயிட்டாரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. யாருகிட்டயும் சொல்லல."

கோசான்காரி ஓரடி பின்னால் போனாள். அது பயத்தில் தானாக நகர்ந்த கால். கயிற்றைப் பார்த்தாள்.

"இப்ப என் காதும் தீட்டாயிடுச்சு. நல்ல ஆளுடி நீ." பெருமூச்சு விட்டாள். "அந்தப் பானைய இங்க தூக்கிட்டு வா. கயித்துக்குப் பக்கத்துல வை. தொடமாட்டேன், பாக்கறேன்."

கும்சில் பானையை, அடியில் ஒட்டியிருந்த மாவுத் திரியோடு கொண்டுவந்து வைத்தாள். கோசான்காரி குனிந்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"கொப்பரைக்கும் பானைக்கும் நடுவுல மாவுத் திரி வெச்சு அடைச்சியா?"

"அடைச்சேன்."

"அடைச்ச லட்சணத்தப் பாரு. இந்தப் பக்கம் என் கட்ட விரலே போகும். ஆவியெல்லாம் இது வழியா ஓடிப்போனா மாவு எப்பிடி வேகும்? கை நடுங்கிட்டே வெச்சிருக்க. மலைச்சாமிக்கு வேற சோலி இல்லாம உன் பானைய ஊதிட்டு இருக்காரா?"

கும்சில் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"போ. நல்லாப் பெசஞ்சு, சுத்தி இடைவெளி இல்லாம ஒட்டு. வேகும்." கோசான்காரி திரும்பி இரண்டடி நடந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் இங்க வரவே இல்ல." நின்றாள். திரும்பாமலே கேட்டாள். "உங்கண்ணன் பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. வேலை பாக்கற பொண்ணு ஒண்ணு. வர்றப்ப ஒரு ஊதுவத்தி, போறப்ப ஒண்ணு."

கோசான்காரி மிதிபட்டுப் பனி இறுகிய பாதையில், வழுக்கிவிடாமல் மெதுவாகக் காலை எடுத்துவைத்துப் போனாள்.

கும்சில் மூன்றாவது தடவை மாவு சலித்தாள். மாவுத் திரியைப் பிசைந்து, சுற்றிலும் விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். பானை சரியாக ஆவி விட்டது. திறந்தபோது படையல் புதுப் பனி போல வெள்ளையாக, ஒரு வெடிப்பு இல்லாமல் நின்றது. கத்தி சுத்தமாக வெளியே வந்தது.

வேகாமல் இருந்தபோது அவள் பயந்தாள். வெந்த பிறகுதான் தாங்க முடியவில்லை. வேகாதிருந்தால் மலைச்சாமி கோபித்துக்கொண்டு தடுத்துவிட்டார் என்றாவது இருந்திருக்கும். இப்போது யாரும் தடுக்கவில்லை. இனி அவளாகத்தான் முடிவு செய்ய வேண்டும். தெய்வம் நம் கையைப் பிடித்து இழுப்பதில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்று நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்க்கிறது. அப்படி ஒதுங்கி நிற்கும் நேரம்தான் மனுஷனுக்குப் பெரிய நடுக்கம். குளிர் அறையில் இரும்புப் பெட்டிக்குள் படுத்திருக்கும் அண்ணனை நினைத்தாள். வாழ்நாளெல்லாம் மண்ணுக்கடியில் இருட்டில் வேலை செய்த மனுஷன். இன்னும் ஒரு நாள் இருட்டில் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டாளே.

கண்ணைத் துடைக்காமலே முன்னறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். மான்சோக் கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு கையை உயர்த்தினார்.

"சொல்லாத" என்றார். "எதுவா இருந்தாலும் நாளைக்குச் சாயங்காலம் சொல்லு."

"அண்ணன் போயிட்டாரு."

உயர்த்திய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. அவர் தரையில் உட்கார்ந்தார்.

"எப்ப?"

"நேத்து விடியக்காலையில."

"நேத்து தெரிஞ்சதா உனக்கு? நேத்துலேர்ந்து மறச்சியா?"

"ஆமா."

"இன்னும் ஒரு நாள் மறச்சிருக்கலாமே." குரல் உடைந்தது. "ஒரே ஒரு நாள். ஏன் சொன்ன? நான் கேட்டனா? இத்தன வருஷம்... நாளைக்கு மத்தியானம் என் கையால எல்லார் தாளையும் எரிச்சு, கடைசியா நம்ம பேர நானே சொல்லியிருப்பேன். ஏன்டி சொன்ன?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவரைக் குறை சொல்லலாகாது. ஒரு மனுஷன் ஒரு கதவுக்கு வெளியே ரொம்ப நாள் நின்றால், அது திறக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் அவன் காதில் விழாது.

சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "தனியாவா கெடக்காரு?"

"ஆமா."

மான்சோக்கும் கும்போவும் ஒரே சுரங்கத்தில், ஒரே கூண்டில் இறங்கி ஏறியவர்கள். ஒரு தடவை மேற்கூரை சரிந்தபோது, மான்சோக் இருந்த பக்கத்துக் கல்லை வெறுங்கையால் தோண்டியவர் கும்போ. மான்சோக் எழுந்தார். அணிந்திருந்த வெள்ளை அங்கியைக் கழற்றி மடித்து வைத்தார். ஊர்த் தலைவருக்குப் போன் செய்தார்.

யூன் கிபெக் வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். பின்னாலேயே பெரியவர் மாவும், இன்னும் நாலைந்து பேரும். மான்சோக் தலை குனிந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி நேற்றே அறிந்ததைச் சொல்லாமல் விட்டார். கும்சிலே முன்னால் வந்து சொன்னாள். "நேத்தே எனக்குத் தெரியும். மறச்சது நான். இவருக்கு இப்பத்தான் தெரியும்."

காற்றில் தாள் துண்டுகள் மட்டும் சத்தமிட்டன.

"பன்னித் தலை வாங்கியாச்சு" என்றார் யூன், யாரிடம் என்றில்லாமல். "பழம் வாங்கியாச்சு. மேல பாதையில பனி தள்ளியாச்சு." தலையைச் சொறிந்தார். "நாளைக்கு யாரய்யா மலை ஏத்தறது?"

"இவன் பேரச் சொன்னது நான்தான்" என்றார் பெரியவர் மா. "என் வாயத்தான் கழுவணும்." திரும்பிப் பார்க்காமல் தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

யூன் ஒரு கத்தியை வாங்கிக் கயிற்றை அறுத்தார். அது செம்மண்மேல் விழுந்தது. எல்லோரும் கலைந்து போனார்கள். கோசான்காரி அந்தக் கூட்டத்தில் இல்லை.

மான்சோக்கும் கும்சிலும் தங்கள் சின்ன லாரியில் கிளம்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வழியில் ஒவ்வொரு வீட்டுக் கதவும் மூடியிருந்தது. சாவுக்குப் போகும் வண்டியைப் பார்த்தால் தீட்டு என்று மூடியிருக்கலாம். அவளுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. மலைச் சரிவெல்லாம் காய்ந்த புல், காய்ந்த சருகு. பங்குனிக் காற்று எழும்பி, எங்காவது ஒரு பொறி விழுந்தால் போதும். இந்த வருஷம் எந்த வீடு எரிந்தாலும், எந்த மாடு செத்தாலும், கரி வீட்டால் என்று சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் நினைப்பார்கள்.

"திரும்பி வர முடியுமாங்க நம்மால?" என்று கேட்டாள்.

மான்சோக் வளைவில் கியரை மாற்றினார். "தெரியல" என்றார்.

தோக்சான் ஆஸ்பத்திரியில் துக்கம் காக்க வாடகைக்கு விடும் அறைகளில் ஆகச் சின்னதைத்தான் அவர்களுக்குக் கொடுத்தார்கள். மேசைமேல் அண்ணனின் பழைய படம். இரண்டு மாலை வைக்கும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. பக்கத்து அறைகளில் அழுகையும் சீட்டாட்டமும் கறிக்குழம்பு வாசனையுமாகக் கூட்டம் நெரிந்தது. கும்சில் துக்க உடை மாற்றிக்கொண்டு வந்து ஊதுவத்தி கொளுத்தினாள். மான்சோக் இரண்டு தடவை தரையில் விழுந்து கும்பிட்டார். இரண்டாவது தடவை எழுந்திருக்க வெகு நேரம் ஆனது.

ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் எட்டிப் பார்த்தார். "காலையில எடுக்கறதுக்குத் தூக்க ஆறு பேராவது வேணுமுங்க. இருக்காங்களா? இல்லன்னா நாங்க கூலிக்கு ஏற்பாடு பண்றோம்."

"இல்ல" என்றார் மான்சோக். "ஏற்பாடு பண்ணுங்க."

குரல் தாழ்ந்துவிட்டது. கும்சில் கீழே பார்த்துக்கொண்டாள். அண்ணனோடு வேலை செய்த மற்றவர்கள் எல்லோரும் முன்னாடியே போய்விட்டார்கள், அதே தூசியால்.

அப்போது நடைபாதையில் பெரிய சத்தம் கேட்டது. வழுக்குகிறது, கதவு எங்கே, இது இல்லை அந்த அறை என்று பல குரல்கள். முதலில் உள்ளே வந்தவள் கோசான்காரி. தலைத்துணியெல்லாம் பனி. பின்னால் அவள் கணவர், யூன் கிபெக், சாம்ரிக்காரி, சாங் வீட்டு அண்ணன் தம்பி, வயிற்றைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு பே வீட்டுக்காரர்.

கும்சில் எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா, நீங்க இங்க... நீங்க எல்லாரும்... தீட்டு ஆயிடுமே. அப்ப நாளைக்கு யாரு..."

"யாரும் இல்ல" என்றாள் கோசான்காரி. பனியைத் தட்டிக்கொண்டே வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். "என் காது காலையிலயே தீட்டாயிடுச்சு. காது போயாச்சு, மிச்சம் மட்டும் வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போகுது? அதான் வீடு வீடாப் போயித் தட்டினேன். இந்த ஆளு மொதல்ல மாட்டேன்னாரு." யூனைக் கையால் காட்டினாள்.

"மாட்டேன்னு எங்க சொன்னேன்? யோசிக்கணும்னு சொன்னேன்." யூன் செருப்பைக் கழற்ற முடியாமல் தடுமாறினார். "எனக்குப் பேரன் பொறந்த தீட்டு ஏற்கெனவே இருக்கு. அதோட இதுவும் சேந்துக்கட்டும்."

"பூசை?" என்றார் மான்சோக்.

"அடுத்த மாசம்."

"அதுக்குள்ள காத்து எழும்பிடுமே தலைவரே. தீ கீ..."

"பயமாத்தான் இருக்கு" என்றார் யூன். பொய் சொல்லத் தெரியாதவர். "தெனம் ரெண்டு பேரா மலையச் சுத்தி வரணும். நீயும்தான், தப்பிக்கலாம்னு பாக்காத."

"பெரியவர் மா?" என்று கும்சில் கேட்டாள்.

கோசான்காரி ஊதுவத்தியைக் கொளுத்தி நட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். "அவரு வரல. ஒருத்தனாவது மலைச்சாமிக்குச் சுத்தமா இருக்கணும்னு கதவச் சாத்திட்டு உக்காந்திருக்காரு. அது அவரு பக்கம். அவரு சொல்றதும் தப்பில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா எங்க வேன் இறங்கறதுக்கு முன்னால, அந்தச் செங்குத்து வளைவு பூரா சக்கரம் வழுக்காம அடுப்புச் சாம்பல் தூவியிருந்துச்சு. ஊர்ல மத்த எல்லாரும் வேன்லதான் இருந்தோம். நீயே கணக்குப் போட்டுக்க."

ஆஸ்பத்திரி ஆள் மறுபடியும் எட்டிப் பார்த்தார். அறை நிறைந்திருப்பதைக் கண்டு குழம்பிப்போனார். "நீங்கள்லாம்... இறந்தவருக்கு என்ன வேணுங்க?"

வந்தவர்களில் பாதிப் பேர் கும்போவை உயிரோடு பார்த்ததுகூட இல்லை. யூன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஊருய்யா" என்றார். "தோக்சான்காரியோட ஊரு. கூலி ஆளெல்லாம் வேணாம். காலையில நாங்க தூக்கறோம்."

அவர் எந்தப் பெயரைச் சொன்னார் என்பது அவருக்கே உறைத்த மாதிரி தெரியவில்லை. மான்சோக் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். சாம்ரிக்காரி கொண்டுவந்திருந்த பாத்திரத்தைத் திறந்து, சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள் என்று எல்லோருக்கும் கிண்ணம் நீட்டினாள்.

விடிந்ததும் பெட்டியை எடுத்தார்கள். வெளியே மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது. பே வீட்டுக்காரர் தையலையும் மறந்து தோள் கொடுக்க வந்தார். கோசான்காரி அவரைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள்.

"வலது பக்கம் தாழுது பாருங்க! முட்டக்கோசு மூட்டையா அது? மெதுவா, மெதுவா. படி இருக்கு."

இரண்டு நாளாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் கும்சிலின் தொண்டையைத் திறந்துகொண்டு வந்தது. அண்ணே என்று உரக்கக் கூவி அழுதாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாருகோல் ஊர்ப் பெண்கள் இரண்டு பக்கமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அழாதே என்று ஒருவரும் சொல்லவில்லை.